வெங்காயப் பட்டறையும் இரண்டு வல்லரசுகளும்

1

ஜிபூட்டிக்கு நான் வந்து பத்து வருஷம் ஆனதை யாரும் கொண்டாடவில்லை. அன்றைக்கு என்னைப் போலீஸ் கூப்பிட்டிருந்தது.

ஜிபூட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில், செங்கடலுக்குள் கப்பல் நுழைகிற வாசலில் இருக்கிற சின்ன நாடு. உப்பும் வெயிலும் தவிர இங்கே பெரிதாக எதுவும் விளையாது. ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு மரியாதை உண்டு. உலகத்துப் பெரிய நாடுகள் ஆளுக்கொரு முகாம் போட்டு இந்த வாசலைக் காவல் காக்கின்றன. கடற்கொள்ளையரை விரட்ட வந்தோம் என்றுதான் எல்லோரும் ஆரம்பத்தில் சொன்னார்கள். கொள்ளையர் குறைந்துவிட்டார்கள். முகாம்கள் குறையவில்லை. இப்போது ஒருவரையொருவர் காவல் காக்கிறார்கள்.

அவற்றில் ஆகப் பெரிய இரண்டு முகாம்களுக்கும் காய்கறி போடுகிறவன் நான். அந்த நாடுகளின் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. என் மனைவி தனம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் பெரம்பலூர் பக்கம், வெங்காயம் விளைகிற செட்டிகுளத்துக்காரி. ஒரு முகாமுக்குப் பெரியப்பா என்றும் இன்னொன்றுக்கு மாமா என்றும் பெயர் வைத்துவிட்டாள். "பெரியப்பாவுக்கு நாளைக்குக் கோஸ் வேணுமாங்க, மாமா வூட்டுல தக்காளி நசுங்கிருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று போனில் பேசுவாள். யாராவது ஒட்டுக்கேட்டால் பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும். எந்த நாடு பெரியப்பா, எது மாமா என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டு டிவியைக் கேளுங்கள்.

போலீசுக்கு என் மகள் கயலைக் கூட்டிப்போனேன். என் பிரெஞ்சு காய்கறி அளவோடு நின்றுவிடும். பெரிய மனிதர்களிடம் பேசும்போது மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்க்காமல் என்னால் பேச முடியாது. ஆமாம், நன்றி என்பதற்கு "உய்ங்க, மெர்சிங்க" என்பேன். கயல் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வருஷம். பிரெஞ்சில் நினைக்கிறாள். வீட்டில் கோபம் வந்தால் மட்டும் செட்டிகுளத்துத் தமிழ் முழுசாக வருகிறது.

மூசா இன்ஸ்பெக்டர் மேசைமேல் இரண்டு படங்களை வைத்தார். இரண்டும் வானத்திலிருந்து எடுத்தவை. ஒன்றைப் பெரியப்பா முகாம் கொடுத்திருந்தது, மற்றதை மாமா முகாம் கொடுத்திருந்தது. இரண்டிலும் இருந்தது என் வெங்காயப் பட்டறை.

"இது என்னான்னு கேக்குறாருப்பா. ரெண்டு பேரும் புகார் குடுத்துருக்காங்களாம். என்னான்னு தெளிவாகுற வரைக்கும் நம்ம தங்குற அட்டையைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்."

"அட்டை எப்ப முடியுது?"

"என் பரீட்சைக்கு முன்னாடி. அட்டை இல்லன்னா பரீட்சை ஹாலுக்குள்ள விட மாட்டாங்க." கயல் என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு வருஷம் போயிரும்."

2

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயத்தைப் பறித்தவுடன் விற்றால் விலை இருக்காது. மூட்டையில் கட்டி வைத்தால் அழுகும். அதனால் தரையிலிருந்து உயரத்தில் கல் வைத்து, மேலே கட்டைகளைப் பரப்பி, பக்கங்களில் காற்றுப் புகும்படி அடைத்து, கூரை போட்டு, நீளமாக, ஒடுக்கமாக ஒன்று கட்டுவோம். அகலமான பக்கம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். அதுதான் பட்டறை. காலையிலும் மாலையிலும் இடுக்கு வழியாக முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்போம். உள்ளே சூடாக இருந்தால் அங்கே எதுவோ அழுகுகிறது என்று அர்த்தம். அதை எடுத்து வீசிவிடுவோம்.

இங்கே துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சின்ன வெங்காயம் இல்லாத சாம்பாரை அவர்கள் சாம்பார் என்று ஒப்புக்கொள்வதில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் எப்போதாவது சரக்கு வரும். வந்தால் மாதக்கணக்கில் தாங்க வேண்டும். ஜிபூட்டிப் புழுக்கத்தில் மூட்டையோடு போட்டால் ஒரு வாரம் தாங்காது. அதனால் இரண்டு முகாம்களுக்கும் நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு திடலை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்டேன். மூங்கில் கிடைக்கவில்லை. சாரம் கட்டும் இரும்புக் குழாயை நட்டேன். பக்கங்களுக்குக் கை நுழைகிற இடுக்கு விட்டுக் கம்பி வலை. கூரைக்குத் தகரம். கடல்காற்றைப் பார்த்து அகலப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

கடல்காற்று வருகிற பக்கத்தில் மாமா முகாம் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, பட்டறையின் முதுகுப் பக்கம், பெரியப்பா முகாம்.

இப்போது வானத்திலிருந்து பாருங்கள். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில், ஆளில்லாத திடலில், தரையைத் தொடாமல் நீளமாக ஒரு வலை நிற்கிறது. வெயிலில் மின்னுகிறது. தினமும் குறித்த நேரத்தில் ஒரு ஆள் வருகிறான். சுற்றும் முற்றும் பார்க்கிறான். ஆடு மேய்கிறதா என்று பார்ப்பான், வேறு ஒன்றுமில்லை. வலைக்குள் முழங்கை வரை கையை விடுகிறான். அசையாமல் நிற்கிறான். கையை எடுக்கிறான். எதையோ தூர வீசுகிறான். போய்விடுகிறான்.

மாமா முகாமின் பேச்சைக் கேட்கப் பெரியப்பா வைத்த கருவி இது என்று மாமா முகாம் முடிவு செய்தது. தன் முதுகுக்குப் பின்னால் மாமா கட்டிய கருவி இது என்று பெரியப்பா முகாம் முடிவு செய்தது. நான் எதை வீசினேன் என்று இரண்டு பக்கமும் ஆராய்ந்திருக்கிறார்கள். அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் ஒரு பக்கம் பொறுக்கிக்கொண்டு போனதை இன்னொரு பக்கம் படம் எடுத்திருக்கிறது.

3

தனம் பெரியப்பா, மாமா என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

என் ஊர் செந்துறைக்கும் குன்னத்துக்கும் நடுவில் இருக்கிறது. மானாவாரி. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் அரசாங்கத்துக்கு மனு. என் காட்டுக்குக் கிழக்கே பெரியப்பா காடு, மேற்கே மாமா காடு. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் என்மேல் இருவரும் உயிராக இருந்தார்கள். அதுதான் தொல்லை.

அப்பா போன பிறகு நான் போர் போட்டேன். தண்ணீர் வந்தது. கரண்ட் வர வேண்டும். கம்பம் கிழக்கே பெரியப்பா காட்டு வழியாக வரலாம், இல்லாவிட்டால் மேற்கே மாமா காட்டு வழியாக வரலாம். நான் பெரியப்பாவிடம் போனேன்.

"தாராளமா நடுடா. உனக்கில்லாத காடா? ஆனா ஒண்ணு, அவன் பக்கம் போயி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

மாமாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் வீடு தேடி வந்துவிட்டார்.

"ஏன் மாப்ள, கம்பம் அவன் காட்டுல நின்னா உன் மோட்டாரு அவன் கையில இல்ல? நாளைக்கு ஒரு கோவம்னா ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிருவான். என் பக்கம் நடு. நான் என்னா உன்னைக் கடிச்சா திங்கப் போறேன்?"

"சரிங்க மாமா, உங்க பக்கமே நடட்டும்."

இது பெரியப்பா காதுக்குப் போனது. அவர் ஈ.பி. ஆபீஸுக்கு ஆட்சேபணை எழுதிப் போட்டார். சரி, பெரியப்பா பக்கமே வரட்டும் என்றேன். மாமா ஆட்சேபணை எழுதிப் போட்டார். லைன்மேன் என்னிடம் வந்து, "தம்பி, மேல வானத்துலேர்ந்து இழுத்தாதான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். சோளம் கருகியது. போர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, வாயில் ஒரு கல்லை வைத்து மூடிக்கொண்டு.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். திருப்பூர் போனேன், மாலத்தீவு போனேன், ஓமான் போனேன், ஒரு சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தேன், அது ஜிபூட்டியில் நின்றபோது இறங்கிக்கொண்டேன், பிறகு தனத்தையும் கயலையும் வரவழைத்தேன். எங்கேயும் மூன்று வருஷத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. இங்கே மட்டும் தரித்தது. முகாம்களைப் பார்த்ததும் ஊர் மாதிரி இருந்ததோ என்னவோ.

விஷயம் ஊருக்குப் போனபோது பெரியப்பா போன் செய்தார். வயது எண்பதை நெருங்குகிறது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு யோசித்துச் சொன்னார். "உன் மாமன்தான்டா போட்டுக் குடுத்துருப்பான்."

"அவருக்கு ஜிபூட்டி எங்க இருக்குன்னே தெரியாதுங்க பெரியப்பா."

"உனக்கு அவனைப் பத்தித் தெரியாது."

4

பெரியப்பா முகாமிலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். சிரித்துக்கொண்டே இருந்தார். தேநீர் கொடுத்தார். அவர் நீளமாகப் பேசியதைக் கயல் சுருக்கினாள்.

"நீங்க நம்ம ஆளு, உங்க மேல எந்தச் சந்தேகமும் இல்லங்கறாரு. அந்தப் பக்கத்துக்காரங்க உங்களுக்கு என்னா குடுத்தாங்கன்னு மட்டும் சொன்னாப் போதுமாம்."

"தக்காளிக்கு இன்னும் காசு குடுக்கலன்னு சொல்லு."

மறுநாள் மாமா முகாமிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. தேநீருக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர். அவரும் நீளமாகப் பேசினார்.

"என்னாடி சொல்றாரு?"

"அதேதாம்பா. நேத்து சொன்னதேதான்."

பிறகு பத்திரங்களுக்கு வந்தார்கள். இரண்டு முகாம்களும் தனித்தனியாக என் வரலாற்றை விசாரித்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. என் பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம். பள்ளிச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். பாஸ்போர்ட்டில் அரியலூர் மாவட்டம். ஊர் பெயர் மூன்றிலும் ஒன்று. ஒரே ஆள் ஒரே ஊரில் இருந்துகொண்டே மூன்று மாவட்டங்களில் எப்படி இருந்தான்?

உட்கார்ந்து விளக்கினேன். திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூரை உண்டாக்கினார்கள். பெரம்பலூரைப் பிரித்து அரியலூரை உண்டாக்கினார்கள். அப்புறம் வேண்டாம் என்று மறுபடி பெரம்பலூரில் சேர்த்தார்கள். அப்புறம் வேண்டும் என்று மறுபடி பிரித்தார்கள். நாங்கள் ஓர் அடி நகரவில்லை. கலெக்டர் ஆபீஸ்தான் எங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. மனு கொடுக்க எந்த பஸ் ஏறுவது என்பதே எங்களுக்குக் கொஞ்ச காலம் தெரியாமல் இருந்தது.

சிரிக்காத அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு கேட்டதைக் கயல் சொன்னாள். "உங்க பகுதியில எல்லைத் தகராறு எத்தனை வருஷமா நடக்குது, எந்த நாடு பின்னாடி இருக்குதுன்னு கேக்குறாரு."

"எந்த நாடும் இல்லங்க. ஆட்சி மாறுச்சுங்க" என்றேன். அது அவருக்கு இன்னும் சந்தேகமாகப் பட்டது.

மூசா இன்ஸ்பெக்டரிடம் திரும்பிப் போனோம். அவர் வழி சொன்னார். இரண்டு முகாம்களிடமிருந்தும் ஆட்சேபணை இல்லை என்று ஆளுக்கொரு தாள் வாங்கி வந்தால் அன்றே அட்டையில் முத்திரை குத்திவிடலாம்.

ஆட்சேபணை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊர்க் கம்பம் ஞாபகம் வந்தது.

நினைத்தபடியே ஆனது. பெரியப்பா முகாம் கொடுக்கத் தயார், ஆனால் மாமா முகாம் கொடுக்கக் கூடாது. மாமா கொடுத்தால் நான் மாமாவின் ஆள் என்றாகிவிடும். ஆகிவிட்டால் பெரியப்பா எப்படிக் கொடுப்பார்? மாமா முகாமிலும் இதே கணக்கு. வழியில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

"வுடுப்பா, ஊருக்கே போயிரலாம்னு சொல்லப் போறியா?" என்றாள் கயல். "இதை விட்டா எங்க போனாலும் நீ மூணு வருஷத்துல கெளம்பிருவ. நான் எந்த ஊர்லயும் ஒரு படிப்பை முடிக்க வேணாமா?"

அவள் ஒருமையில் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

5

தீர்வு கயலுடையது. இருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், அதனால் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். இருவரையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் பட்டறைக்கு வரச் சொல்லி மூசாவை எழுத வைத்தாள். வர மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவன் வந்து நான் வராமல் இருப்பதா என்று இருவருமே வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தார்கள். ஒருவர் முன்பே வந்துவிடுவார் என்று மற்றவர் நினைத்ததால்.

சிரிக்கிற அதிகாரி, சிரிக்காத அதிகாரி, ஆளுக்கு இரண்டு பெட்டி, கையுறை, கருவிகள். நடுவில் மூசா குடை பிடித்துக்கொண்டு நின்றார். தனமும் வந்திருந்தாள். சரக்கு அவள் அண்ணன் அனுப்பியது.

யார் முதலில் கை விடுவது என்று பேச்சு நடந்தது. கடைசியில் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுவது என்று ஒப்பந்தமானது. இருவரும் முழங்கை வரை விட்டார்கள். இருவரும் ஒன்றும் இல்லை என்று நம்ப மறுத்தார்கள். முழுவதையும் கொட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆட்கள் அடியிலிருந்து இழுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏங்க, ஏங்க, அடியிலேர்ந்து உருவாதீங்க" என்று தனம் குறுக்கே போனாள். "மேலேர்ந்து எடுக்கணும். கையில அந்த உறை எதுக்கு, வெங்காயம் என்னா தேளா? ஏண்டி கயலு, இவுங்க வூட்டுல வெங்காயமே வாங்குறதில்லையா?"

"என்ன சொல்கிறார்?" என்று சிரிக்காத அதிகாரி கேட்டார்.

"ஒத்துழைக்கிறேன் என்கிறார்" என்று கயல் பிரெஞ்சில் சொன்னாள். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் புரிந்தது.

எல்லாவற்றையும் திடலில் கொட்டினார்கள். கருவிகளை ஓட்டினார்கள். பிறகு மாதிரி எடுக்கும் கட்டம். சரிபாதியாக எடுப்பது என்று முடிவானது. எண்ணி முடித்ததும் பெரியப்பா பக்கம் ஒரு வெங்காயம் அதிகம் என்று மாமா பக்கம் சொன்னது. எடுத்துப் பார்த்தால் அது இரட்டைப் பல். ஒரே தோலுக்குள் இரண்டு. அது ஒன்றா இரண்டா? ஒரு தோல் என்பதால் ஒன்றுதான் என்றார் சிரிக்கிற அதிகாரி. அவர் அப்போது சிரிக்கவில்லை. இரண்டு என்றார் மற்றவர். ஆளாளுக்குப் போன் செய்தார்கள். போனில் எந்தத் தலைநகரத்தில் யார் எழுந்தார்களோ தெரியாது.

தனம் அதைப் பிடுங்கித் தோலை உரித்து ஆளுக்கொரு பல்லாகக் கையில் வைத்தாள். "இந்தாங்க. பச்சப் புள்ளைங்க மாதிரி." இருவருக்கும் கண் கலங்கியது. வெங்காயத்தால்தான்.

சரக்கு மொத்தமும் அன்றைய வெயிலில் திடலில் கிடந்தது. அடிபட்டது, நசுங்கியது, மண் ஏறியது. மூன்றாம் நாள் நாற்றம் இரண்டு முகாம்களுக்கும் போனது. அது மட்டும் இருவருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

6

தாள்கள் வந்தன. இருவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதவில்லை. இந்த ஆள் எங்கள் ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே நடை.

ஆட்சேபணை பற்றி அதில் ஒன்றும் இல்லையே. மூசா இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். முத்திரையை எடுத்து அட்டையில் குத்தினார். கயலிடம் ஏதோ சொன்னார். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் எங்க நாட்டுக்கு வாடகை குடுக்குறாங்க, நீங்களும் திடலுக்கு வாடகை குடுக்குறீங்க, எனக்கு மூணு பேரும் ஒண்ணுதாங்கறாரு."

"மெர்சிங்க" என்றேன்.

எழுந்தபோது மூசா உட்காரச் சொன்னார். ஒரு நிபந்தனை இருந்தது. பட்டறையைப் பிரித்துவிடலாம் என்று அவர் முதலில் எழுதினாராம். உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் பதறிக்கொண்டு போன் வந்ததாம். மற்றவன் ஆதாரத்தை அழிக்கப் பார்க்கிறான், பிரிக்கக் கூடாது. வெங்காயம் வைக்கலாமா? கூடாது, மற்றவன் எதையாவது சேர்த்து வைப்பான். அதனால் பட்டறை அப்படியே நிற்க வேண்டும், காலியாக.

"சரிங்க. நான் அந்தப் பக்கமே போகலைங்க."

போக வேண்டும் என்றார் மூசா. தினமும் வந்தவன் திடீரென்று நின்றுவிட்டால் இரண்டு பேரும் ஏன் என்று அவரைக் கேட்பார்கள். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. வழக்கம்போல் காலையிலும் மாலையிலும் போய்க் கை விட்டுவிட்டு வர வேண்டும். அட்டை செல்லுகிற வரை.

போகிறேன். கையை விடுகிறேன். உள்ளே காற்றுதான் இருக்கிறது. எடுத்து வீச ஒன்றும் இல்லாததால் முதல் நாள் சும்மா வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே மூசா கூப்பிட்டுவிட்டார். இப்போது வீட்டிலிருந்து ஒரு பெரிய வெங்காயம் எடுத்துப்போய் வீசிவிட்டு வருகிறேன்.

"நம்ம காட்டு போரைக் கல்லு வெச்சு மூடுனீங்க. இங்க காத்துக்குக் காவலு" என்றாள் தனம். "எங்க போனாலும் உங்களுக்கு நல்ல சொந்தக்காரங்கதாங்க அமையுறாங்க."

7

பரீட்சை நடந்தது. வாசலில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கயலை உள்ளே விட்டார்கள். நான் வண்டியில் காத்திருந்தேன். தெருவின் இந்த முனையில் ஒரு வண்டி நின்றது, அந்த முனையில் ஒரு வண்டி நின்றது. உள்ளே இருந்தவர்களை எனக்குத் தெரியும். இருவருக்கும் கை தூக்கினேன். ஒரே நேரத்தில், இரண்டு கையையும்.

கடைசி நாள் வரலாறும் புவியியலும். வெளியே வந்த கயல் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படிடி?"

"நல்லா எழுதிருக்கேன். இந்தப் பகுதியில வல்லரசுகளோட செல்வாக்கு மண்டலம் பத்தி எடுத்துக்காட்டோட எழுதச் சொல்லிட்டாங்க."

"பட்டறையை எழுதுனியா?"

"வெங்காயத்தை எழுதுனா மார்க்கு யாரு போடுவா? புத்தகத்துல உள்ளதத்தான் எழுதுனேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டாங்க, அதனால ஒருத்தரும் முந்த மாட்டாங்க, அதனால அமைதி இருக்கும். மூணு பக்கம்."

வண்டியைக் கிளப்பினேன். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு வண்டிகள் கிளம்பின.

"நடுவுல இருக்குறவனைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

"அது சிலபஸ்ல இல்லப்பா" என்றாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போடச் சொன்னாள்.